முழுக்கக் கேட்டவள்

“ஜமைக்கா டாக்டர் உனக்கு வேணாம்மா. தமிழ் மீடியம் காதுக்கு அந்த இங்கிலீஷ் ஏறாது.”

எங்கள் டீம் லீடர் இதைத் திட்டுகிற தொனியில் சொல்லவில்லை. காய்ச்சல்காரியிடம் வெயிலில் போகாதே என்பது போலத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு அதிகம் உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் போட்டிருந்த துப்பட்டாவுக்கு மேலேயே ஹெட்ஃபோன், மூடிய கண்கள், மடியில் கிடந்த இரண்டு கைகள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் தூங்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்ட அதே டாக்டரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளைத் தெரிந்தவர்கள் எங்கள் கம்பெனியில் இன்னும் இருக்கிறார்கள். அவளைப் பற்றிக் கேட்டால் அவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே சொல்தான்: ஸ்லோ.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், கட்டில் பீரோ விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததையெல்லாம் மெஷினில் பேசி வைத்துவிடுவார்கள். காலை ஆறு மணி ஷிஃப்ட்டில் அந்தக் குரல் எங்களுக்கு வந்திருக்கும். நாங்கள் கேட்டு டைப் அடித்து அனுப்புவோம். மேஜைக்குக் கீழே, தையல் மிஷினுக்கு இருப்பது போல, ஒரு பெடல். நடுவில் மிதித்தால் குரல் ஓடும். இடது பக்கம் மிதித்தால் பின்னால் போகும், வலது பக்கம் மிதித்தால் முன்னால் தாவும். ஒரு நாளைக்கு இத்தனை வரி அடிக்க வேண்டும் என்று உண்டு. அடிக்காதவர்களை ஆறு மாத ப்ரொபேஷன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நானும் அவளும் ஜனவரியில் ஒரே நாளில் சேர்ந்தோம். எனக்கு இரும்புலியூர், அவளுக்குப் பல்லாவரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேங்க் கார்டில் அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மை தொட்டு ஒற்றி வைத்ததும் நான்தான். பி.எஸ்சி. முடித்து, மாடி ஏறி, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, அமெரிக்க டாக்டர் பேசுவதை எழுதுகிறேன் என்றால் அது சின்ன விஷயமில்லை. ப்ரொபேஷன் முடிந்து வரப்போகும் நிரந்தர ஆர்டரைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக, அப்பா ஏப்ரல் மாதமே சுவரில் ஆணி அடித்துவிட்டார். அம்மா அந்த ஆணியில் தற்காலிகமாகப் பையை மாட்டினால்கூட அவருக்குக் கோபம் வரும்.

எங்கள் பேட்ச்சிலேயே வேகம் நான்தான். பக்கத்தில் இருந்தவள் நான் அடிப்பதில் பாதிகூட அடிக்க மாட்டாள். காரணம் அவள் கையில் இல்லை, அவள் வழக்கத்தில் இருந்தது. ஒரு ஃபைலைத் திறந்தால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கேட்டு முடிப்பாள். பன்னிரண்டு நிமிட ஃபைல் என்றால் பன்னிரண்டு நிமிடம் கை மடியில்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் முதல் எழுத்தை அடிப்பாள்.

“கேட்டுக்கினே அடிச்சுடேன்” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

“டாக்டரு கடைசில எதனா மாத்துவாரு பா.”

“மாத்துனா திரும்பப் போயி மாத்திக்க வேண்டியதுதான?”

“மாத்துறாருன்னு உனக்குத் தெரிஞ்சாதான மாத்துவ.”

அவள் வீட்டின் முன்னறையில் செருப்புக்கு மேல்தோல் தைக்கும் மிஷின் நான்கு உண்டு. அவளுடைய வாப்பாவும் சின்னம்மாக்களும் ஓட்டுவார்கள். “மிஷின் ஓடுறப்ப பேசுனா எங்க வூட்ல யாருக்கும் கேக்காது. நிக்கிற வரைக்கும் வாயப் பாத்துகினு நிப்போம்” என்றாள் ஒருமுறை. அவளிடம் ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. நாம் சொல்லி முடித்துவிட்டோமா என்று சரிபார்ப்பவள் போலச் சற்று நேரம் நம் வாயையே பார்ப்பாள். சண்டையில்கூட அப்படித்தான். கேன்டீனில் ஒருத்தி அவளை “மேடம் இன்னிக்கு ஒரு ஃபைலாவது முடிச்சீங்களா?” என்று சீண்டினாள். இவள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீண்டியவள் கைகழுவிவிட்டுப் போன பிறகு என்னிடம் திரும்பி, “மூணு” என்றாள்.

ஜமைக்கா டாக்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். ஃப்ளோரிடாவில் எங்கோ இருந்தார். பிறந்த ஊர் மட்டும் ஜமைக்கா. அவர் குரல் வாக்கியத்தின் நடுவில் மேலே ஏறும், யாரும் எதிர்பாராத இடத்தில் இறங்கும், சில சொற்களின் வாலை விழுங்கிவிடும். அவருடைய ஃபைல் வந்தால் திறந்து, குரலைக் கேட்டதும் மூடிவிட்டு, “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்” என்பார்கள். அப்படி எல்லோருக்கும் ஹேங் ஆன ஃபைல்கள் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். அவள் எதையும் மூட மாட்டாள்.

அந்தக் குரலுக்குக் காதைப் பழக்கத்தான் அவள் பாட்டுப் பக்கம் போனாள். அவளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பல்லாவரம் ஸ்டேஷன் அருகே அவள் அக்கா வீட்டுக்காரர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வெள்ளி மதியம் அவர் தொழுகைக்குப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “உள்ள இருந்து பாத்துக்க” என்று இவளை உட்கார வைத்துவிட்டுப் போவார். வெளியே சந்தைக் கூட்டம் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே எட்டு கம்ப்யூட்டரில் ஏழு சும்மா இருக்கும். மொத்த இணைப்பும் அவள் ஒருத்திக்கு. ஜமைக்காக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தேடியிருக்கிறாள். பாடம் எதுவும் அகப்படவில்லை. லண்டனில் ஒரு கிழவர் வாராவாரம் தன் வீட்டிலிருந்து பேசி ஏற்றும் பாட்காஸ்ட் ஒன்று அகப்பட்டது.

“ரேடியோ மாதிரி பா. ஆனா நாம எப்ப வேணா எறக்கிக்கலாம். ரெண்டு மணி நேரம். பழைய ரெக்கார்டா போட்றாரு. நடுவுல பழைய பாட்டுக்காரங்களக் கூப்ட்டு வச்சுப் பேசுறாரு. எல்லாரும் நம்ம டாக்டரு மாதிரியே பேசுறாங்க.”

கட்டைவிரல் அளவு எம்பி3 பிளேயர் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் இரண்டு நிகழ்ச்சிக்குத்தான் இடம். புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமானால் ஒன்றை அழிக்க வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அவளுக்கு அதுதான் கவலை.

ஷிஃப்ட் முடிந்ததும் குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். என் ரயில் தாம்பரம் பக்கம், அவள் ரயில் பீச் பக்கம். அங்கேதான் முதல்முறையாக இயர்ஃபோனில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ரெகே என்ற பெயரையே நான் அன்றுதான் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. அடியில் கனமாக ஏதோ ஒன்று நடந்தது, பாரம் தூக்கியவர் படியிறங்குவது போல. மேலே ஒரு கிடார் டக், டக் என்று நறுக்கியது. அவ்வளவுதான்.

“எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டேன்.

“ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம் ஆச்சு.”

அவள் என் கையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். “தாளம் போடு.” போட்டேன். “இப்ப பாரு, நீ எங்க தட்டுறியோ அங்க அவங்க சும்மா இருக்காங்க. நீ கையத் தூக்குற இடத்துலதான் அந்தக் கிடாரு வுழுது.” கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். நான் தட்டும் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில், அடியில் கனமாக நடந்த அடிநாதக் கிடார் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு ரயிலை விட்டேன். அவள் மூன்று ரயில்களை விட்டாள்.

லண்டன் மாமா என்று அந்தக் கிழவருக்கு நான்தான் பெயர் வைத்தேன். அவர் பேசும்போது பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். சில நாள் நாய் குரைக்கும். ஆறேழு ரெக்கார்டுகளை இடைவெளியில்லாமல், ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் படும்படி, தொடுத்துப் போடுவார். பெயர் எதுவும் சொல்ல மாட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார், அதுவும் தலைகீழாக. இப்போது கேட்டது இது, அதற்கு முன்னால் இது, அதற்கும் முன்னால் இது என்று போகும். நடுவில் நிறுத்திவிட்டுப் போனவர்களுக்கு, தாங்கள் கேட்டது யார் பாட்டு என்பது கடைசி வரை தெரியாது.

இதற்காக அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் பக்கத்தின் அடியிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போவாள். அவர் கடைசிப் பாட்டிலிருந்து சொல்லத் தொடங்குவதால் அது அடி வரியில் இருக்கும். எழுதி முடித்ததும் மேலிருந்து படித்தால் பாட்டு வரிசை சரியாக வரும். எந்த ஊர் ஸ்டுடியோ, எந்த வருடம், ரெக்கார்டின் பின்பக்கத்தில் என்ன பாட்டு என்று அவர் சொன்னதெல்லாம் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். ரெகேவுக்கு முன்னால் அதைவிட வேகமான ஒன்று இருந்தது, வேகம் குறைந்து குறைந்து இப்படி ஆயிற்று என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “ஆட முடியாத அளவுக்கு ஒரு வருசம் செம்ம வெயிலாம். அதான் மெதுவாக்கிட்டாங்கன்னு சொல்றாரு. உண்மையோ பொய்யோ” என்றாள். எங்கள் ஊர் மே மாதத்தில் அதைக் கேட்டபோது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

ஒரு நாள் பிளேயரை வீட்டுக்கு இரவல் வாங்கிப் போனேன். சின்ன ஸ்பீக்கரில் செருகி வைத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னாடி இது, ஒரே பாட்டு ஓடிகினே கீது.”

“ஒரே பாட்டு இல்லமா. ஏழு பாட்டு.”

“ஏழா? ஒருத்தன்தான் பாட்றான். பக்கத்து வூட்ல எவளோ மாவு இடிக்கிறா மாரி கீது.” அரைக்கட்டு கீரை முடிகிற வரை கேட்டுவிட்டு, “ஆனா தலவலி வர்ல” என்றாள். அம்மாவிடமிருந்து அது பெரிய பாராட்டு.

எனக்குத்தான் பொறுமை இல்லை. அம்மா உள்ளே போனதும் முன்னால் ஓட்டினேன். நன்றாக இருக்கும் இடத்தில் நிறுத்திக் கேட்டேன், மறுபடி ஓட்டினேன். அடுத்த நாள் அவளிடம், “நாலாவது பாட்டு நல்லாருந்துச்சு” என்றேன்.

“நாலாவதுக்கு எப்டி வந்த?”

“ஓட்டிதான்.”

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளேயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் பேசவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பாட்டுத்தானே. இதற்கு இவ்வளவா.

ஒரு காலை, ஃபைல் கேட்டுக்கொண்டிருந்தவள் என் தோளைத் தட்டி அவள் ஹெட்ஃபோனை என் காதில் வைத்தாள். ஜமைக்கா டாக்டர் ஏதோ சிறுநீரக விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மிகத் தூரத்தில், ஒரு ரேடியோ. டக், டக். “அவரு ரூம்ல ஓடுது” என்றாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் காகிதம் புரட்டப் பேச்சை நிறுத்திய இடைவெளியில் அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்டது. அவள் நோட்டில் பெயர் இருந்த பாட்டுதான் அது. அந்த ஃபைலை அவள் இரண்டு முறை முழுக்கக் கேட்டாள். அன்றைய வரிகள் வழக்கத்தைவிடக் குறைந்தன.

தமிழ் மீடியம் காது என்று சொன்ன டீம் லீடருக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஏப்ரலில் நானே போய் ஜமைக்கா டாக்டரின் ஃபைல்களைக் கேட்டு வாங்கினேன். முதல் வாரம் திணறினேன். இரண்டாவது வாரம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் நோயாளியைப் பரிசோதித்ததைச் சொல்லும் பகுதி எல்லா ஃபைலிலும் ஒரே வார்த்தைகளில்தான் இருந்தது. இதயம், நுரையீரல், வயிறு, கடைசியில் பாதங்கள். அவருடைய பழைய ரிப்போர்ட் ஒன்றைச் சாம்பிளாக வைத்துக்கொண்டேன். அந்தப் பகுதி தொடங்கியதும் முழுப் பத்தியையும் எடுத்து ஒட்டிவிட்டு, வலது பெடலை மிதித்து அடுத்த பகுதிக்குத் தாவினேன். கடைசி நிமிடத்தில் அவர் சொல்வது யார் யாருக்கு நகல் போக வேண்டும், விலாசம் என்ன என்பதுதான். அதுவும் பழைய ரிப்போர்ட்டில் இருந்தது. அதையும் கேட்பதை விட்டேன்.

என் வரிகள் ஏறின. யாரும் தொடாத டாக்டரை இந்தப் பொண்ணு முடிக்குது என்று மீட்டிங்கில் சொன்னார்கள். டீம் லீடர், “நான் சொன்னது தப்பும்மா” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

ஜூன் மாதக் கடைசி வாரம். என் ஆர்டர் வர நான்கு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

“இந்த மாசம் ஆரம்பத்துல ஒரு ஃபைல் பண்ணியே. சக்கர நோயி, கால்ல புண்ணு, வயசான அம்மா.”

“சக்கர நோயி எவ்ளோ வருது. எதச் சொல்ற?”

“ரெண்டு பாதத்துலயும் நாடி நல்லாருக்குன்னு போட்டிருக்க.”

“அவரு எப்பவும் அதான் சொல்வாரு.”

“அந்தம்மாவுக்கு ஒரு காலுதான் பா கீது.”

கேன்டீனில் யாரோ தண்ணீர் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். என் டப்பாவை மூடினேன்.

“யாரு சொன்னா?”

“அவரேதான். காப்பி யாருக்குப் போவணும்னு சொல்லி, அட்ரஸெல்லாம் சொல்லிட்டு, அதுக்கப்புறம் சொல்றாரு. மேல சொன்னத மாத்திடுங்க, இடது காலு இப்ப இல்ல, போன மாசம் வேற ஆஸ்பத்திரில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்கன்னு.”

“அது என் ஃபைலு. நீ எதுக்குக் கேட்ட?”

“இன்னிக்கு அதே அம்மாவுக்குக் கட்டக்கால் அளவு எடுக்கச் சொல்லி எனக்கு ஒரு ஃபைல் வந்துச்சு. பழைய ரிப்போர்ட்டப் பாத்தேன். ரெண்டும் ஒத்துவர்ல. எடுத்துக் கேட்டேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. நீயே சொல்லு. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. அதுக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

“நாலு நாள்ல எனக்கு ஆர்டர் வருது. எங்கப்பா ஆணி அடிச்சு வச்சிருக்காரு.” நான் கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டேன். “நீ என் ஃப்ரெண்டுதான?”

அவள் என் வாயைப் பார்த்தாள். நான் முடித்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு சொன்னாள்: “அதான் ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்தேன்.”

நான் எழுந்தேன். என் பின்னாலிருந்து கேட்டாள்.

“இது ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

ஒன்றே முக்காலுக்குப் போய், ரிப்போர்ட்டுகளின் தரம் பார்க்கும் மேடத்திடம் சொன்னேன். டீம் லீடரையும் கூப்பிட்டார்கள். திருத்திய ரிப்போர்ட் அன்றே போனது. நல்லவேளையாக அந்த அம்மாவுக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை. டீம் லீடர் மேஜையைப் பார்த்தபடி, “கன்ஃபர்ம் லிஸ்ட்ல உன் பேரு இருந்துச்சும்மா” என்றார். ஆர்டரை நிறுத்தி, ப்ரொபேஷனை டிசம்பர் வரை நீட்டினார்கள். நீயே வந்து ஒத்துக்கொண்டாய், அதனால்தான் வேலையில் வைத்திருக்கிறோம் என்று மேடம் சொன்னார். நானே வந்தேன் என்று எல்லாரும் நம்பினார்கள். அவள் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில், கம்பெனியில் எல்லாருக்கும் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றேன். அப்பா அதை அப்படியே நம்பினார். ரிப்போர்ட் எழுதுகிற பெண் பொய் சொல்வாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்.

அதன் பிறகு நான் அவளோடு பெஞ்சில் உட்காரவில்லை. ஓவர்டைம் இருப்பதாகச் சொல்லி மேலேயே இருந்துவிடுவேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் ரோட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குத் தனியாகப் போவது தெரியும். இரண்டு இயர்ஃபோனும் அவள் காதிலேயே இருக்கும்.

ஜூலையில் அவளை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அவள் ரிப்போர்ட் ஒன்றில்கூடத் தவறு இல்லை. டீம் லீடரே அதைச் சொன்னார். “தப்பே இல்லம்மா. ஆனா லைன் இல்லையே.” அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசியது காலை பதினொரு மணிக்கு. மற்றவர்களாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவள் திரும்பி வந்து, பாதியில் நின்ற ஃபைலை முதலிலிருந்து கேட்டு, அடித்து அனுப்பிவிட்டுப் பிறகுதான் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் நின்றாள். அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் வாயைத்தான் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்பது அவள் படியிறங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. நான் அப்போது ஃபைலில் இருந்தேன், அல்லது இருப்பது போலக் காட்டிக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்காரரின் பிரவுசிங் சென்டரையே இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. பல்லாவரம் ஒரு ஸ்டேஷன்தான். நான் இன்னும் போகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு சென்டருக்குப் போகிறேன். லண்டன் மாமாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவரிடமிருந்து வேறு சிலரிடம் போனேன். டொரன்டோவில் ஒரு பெண், பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் தொடுத்துப் போடுகிறாள். குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அடிநாதத்தையும் எதிரொலியையும் முன்னால் வைத்துச் செய்யும் டப் என்ற வகையை அவள் வழியாகத்தான் கேட்டேன். பாடுகிறவர் ஒரு சொல்லில் பாதியைச் சொல்லிவிட்டுக் காணாமல் போவார். நான்கு நிமிடம் கழித்து அந்தச் சொல்லின் மறுபாதி வரும். முன்னால் ஓட்டியிருந்தால் அது எனக்கு அரைச்சொல்லாகவே இருந்திருக்கும். அதை ஓட்டாமல் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கால் வலது பக்கம் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

சாம்பிள் ஒட்டுவதை ஜூனோடு விட்டிருந்தேன். இப்போது வேலையிலும் அப்படியே ஆனேன். கையை மடியில் வைத்து முழு ஃபைலையும் கேட்க ஆரம்பித்தேன். என் வரிகள் குறைந்தன, வேலை போகாத அளவுக்கு நின்றன. அப்போதுதான் அது தெரிந்தது. ஜமைக்கா டாக்டர் கடைசி நிமிடத்தில் எதையாவது மாற்றுவது அபூர்வம் இல்லை. மாத்திரையின் அளவை மாற்றுவார், ஒவ்வாமை ஒன்றைச் சேர்ப்பார், பரிசோதனையில் சொன்ன ஒரு வரியை எடுக்கச் சொல்வார். விலாசம் சொல்லி முடித்த பிறகு நிதானமாக, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வார். ஏப்ரல் முதல் ஜூன் வரை நான் அந்தக் கடைசி நிமிடத்தை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

குரல் ஃபைல்களைக் கம்பெனி ஆறு மாதம்தான் வைத்திருக்கும், ஒரு மாதத்துக் குரல்களை மாதக் கடைசியில் மொத்தமாக அழிக்கும். ஏப்ரலும் மேயும் சர்வரிலிருந்து போய்விட்டன. ஜூன் மாதத்துக் குரல்கள் இந்த டிசம்பர் கடைசியில் அழியும். என் ஆர்டர் வருவதும் டிசம்பர் கடைசியில்தான். லிஸ்ட்டில் உன் பெயர் இருக்கிறது என்று டீம் லீடர் போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சும்மா இருந்தால் போதும். கேட்பதற்குக் குரலே இல்லாதபோது யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

இந்த மூன்று வாரமாக ஷிஃப்ட் முடிந்ததும் ஜூன் மாதக் குரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் நொடியிலிருந்து கேட்டேன். சாம்பிள் ஒட்டிய ஃபைல்கள், அன்றே திருத்தியது போக, முப்பத்தொன்று. அதில் நான்கில் அவர் கடைசியில் மாற்றியிருக்கிறார். ஒன்றில் ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என் ரிப்போர்ட்டில் அந்த மருந்து தொடர்கிறது.

நேற்று மதியம் மேடத்துக்கு மெயில் எழுதினேன், டீம் லீடருக்கும் நகல் வைத்து. நான்கு ஃபைலுக்கும் எந்த நிமிடத்தில் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்தேன். மற்ற இருபத்தேழும் சரியாக இருக்கின்றன, முழுக்கக் கேட்டேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஏப்ரல், மே மாதத்து ரிப்போர்ட் எண்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘கடைசிப் பகுதியை நான் கேட்கவில்லை, குரல் இப்போது இல்லை, டாக்டரிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதினேன். அந்தப் பட்டியல் ஒன்றரைப் பக்கம் வந்தது. ஜூனில் நானாக வந்து சொல்லவில்லை, ஒருத்தி சொல்லச் சொன்னாள் என்பதையும், அவள் பெயரையும், அந்த மெயிலில் மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.